விரல் நுனி ஆக்சிமீட்டர்: காந்தல் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம், எங்கள் காந்தல் பகுதி இருக்கும் ஊட்டியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி இங்கு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அப்போது எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்தவை அட்டைப்பெட்டியில் வேறுபட்டாலும் உள்ளே ஏறத்தாழ ஒரே மாதிரியான கருவிகள்தாம். சாதாரண நாட்களில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த பொருளுக்கு அன்று இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தோம். தொற்று உறுதியாகி வீட்டுத் தனிமையில் இருந்த என் மாமனாருக்கு அது செய்த உதவியை நினைத்தால் அந்த விலை பெரிதில்லை. ஆனால் அதே கருவி என் மாமியாரின் தூக்கத்தைப் பல மாதங்கள் பறித்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது நேர்மையான மதிப்புரையாக இருக்கும்.

கருவி செய்யும் வேலை நுட்பமானது, பயன்படுத்துவதோ எளிது. கவ்வியின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினும் சுமக்காத ஹீமோகுளோபினும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், ஒவ்வொரு நாடித்துடிப்பின்போதும் மறுபக்கம் வந்து சேரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, இரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்று திரையில் காட்டுகிறது. இந்த வழியை 1974இல் வகுத்தவர் டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். உலகம் முழுவதும் அவருடைய கண்டுபிடிப்பைத் தேடி அலையத் தொடங்கியிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கோவிட் நோயாளிகள் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இறங்கிவிடும். மாமாவுக்கு அதுதான் நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டு, தேநீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு மாலையில் 90 காட்டியது. விரலை மாற்றிப் பார்த்தபோதும் அதே எண். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். இந்தக் கருவியைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால், அது இந்த நன்றியைச் சொன்ன பிறகுதான்.

இனி மலையின் கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் சமவெளியில் காட்டும் அளவைவிட இரண்டு மூன்று புள்ளிகள் குறைத்துக் காட்டுவது இங்கே இயல்பு. கூடலூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், ஒரே மாவட்டத்துக்குள் ஒரே மனிதருக்கு ஒரே கருவி இரண்டு எண்களைக் காட்டக்கூடும். இதற்கு மேல், இத்தகைய கருவிகளில் இரண்டு சதவீதம் கூடவோ குறையவோ காட்டும் பிழை எப்போதும் உண்டு. வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு நாடு முழுவதற்கும் சொல்லப்பட்ட எல்லை 94. சென்னையில் 98இல் இருப்பவருக்கு அந்த எல்லை தொலைவில் இருக்கிறது. காந்தலில் 95இல் இருப்பவருக்கு அது வாசற்படியிலேயே நிற்கிறது.

குளிர் இதை இன்னும் மோசமாக்குகிறது. மூன்றாம் அலை வந்த 2022 ஜனவரி எங்களுக்கு உறைபனிக் காலம். காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அத்தை எழுந்து முகம் கழுவியதும் கட்டில் ஓரம் உட்கார்ந்து கருவியை மாட்டுவார். ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் வெறும் கோடுகள் மட்டும் ஓடின, பிறகு 91, சட்டென்று 88. அவருடைய முகம் வெளிறியது. "ஏம்மா, பாரு, இறங்கிட்டே போகுது" என்றார். அவருடைய கையைத் தொட்டால் பனிக்கட்டி. கணப்பில் கரி போட்டு, கைகளைக் காட்டச் சொல்லி, விரல்கள் சிவந்து சூடேறிய பிறகு மாட்டினோம். நாடித்துடிப்பின் அலைக்கோடு சீராக எழுந்து விழுந்தது. எண் 95இல் வந்து நின்றது. குளிரில் விரலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிவிட்டால் கருவிக்குப் படிப்பதற்குப் போதுமான துடிப்பு கிடைப்பதில்லை. அந்த 88 அவருடைய நுரையீரலைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

ஆனால் அந்த 95 அவருக்கு அரை மணி நேரம்கூட நிம்மதி தரவில்லை. "இன்னொரு தரம் வச்சுப் பாரேன், இப்ப குறைஞ்சிருக்கும்." பகலில் சமையலுக்கு நடுவே, இரவில் விழிப்பு வந்தபோதெல்லாம், தொலைக்காட்சியில் இறப்பு எண்ணிக்கை சொன்ன பிறகு என்று அது தொடர்ந்தது. அவருக்குத் தொற்று வரவே இல்லை.

உளவியலாளர்கள் இந்தச் சுழலைப் பெருந்தொற்றுக்கு வெகுகாலம் முன்பே விவரித்திருக்கிறார்கள். பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் இருவரும் 1980களிலேயே சுட்டிக்காட்டியது இது: நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சுபவர் தன் உடலைச் சோதிப்பதும் மற்றவர்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லக் கேட்பதும் உடனடியாகப் பதற்றத்தைத் தணிக்கின்றன; அப்படித் தணிவதாலேயே அடுத்த முறை பதற்றம் எழும்போது மீண்டும் சோதிக்காமல் இருக்க முடியாமல் போகிறது. பயத்தைத் தாங்கி, அது தானாக இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு மனதுக்குக் கிடைப்பதே இல்லை. கனடாவின் ஸ்டீவன் டெய்லரும் அவருடைய குழுவினரும் 2020இல் கோவிட் மன அழுத்தத்தை அளக்க உருவாக்கிய 36 கேள்விகள் கொண்ட அளவுகோலில், ஓயாமல் சோதித்துப் பார்ப்பதும் உறுதிமொழி தேடுவதும் தனி ஒரு பகுதியாகவே இடம்பெற்றிருக்கின்றன. எங்கள் வீட்டில் நடந்தது அத்தையின் குணக்கோளாறு இல்லை என்பதை உறவினர்களுக்குப் புரியவைக்க எனக்கு இது பெரிதும் உதவியது.

இன்னொரு ஆய்வு இந்தக் கருவியோடு நேராகவே தொடர்புடையது. ஈரானில் உருவாக்கப்பட்டு 2020இல் வெளியான கோவிட் அச்ச அளவுகோலில் ஏழே கேள்விகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கொரோனாவை நினைத்தால் கைகள் பிசுபிசுத்துப் போகின்றனவா என்பது, மற்றொன்று இதயம் படபடக்கிறதா என்பது. பயந்த உடலில் விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, கை சில்லிடுகிறது, நாடி வேகமெடுக்கிறது. அந்தக் கையில் மாட்டப்படும் கருவி ஆக்சிஜனைத் தவறாகக் குறைத்தும், நாடியைச் சரியாகவே கூட்டியும் காட்டக்கூடும். அந்த இரண்டு எண்களும் பயத்தை இன்னும் ஏற்றுகின்றன. பயமே அளவைக் கெடுத்து, கெட்ட அளவே பயத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும் இந்த நிலையைப் பற்றிப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கருவியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல், நோய்ப் பதற்றம் உள்ளவர்களில் மருத்துவரைத் தேடித் தேடி ஓடுபவர்களும் உண்டு, மருத்துவமனைப் பக்கமே போகாமல் ஒதுங்குபவர்களும் உண்டு என்று பிரித்துச் சொல்கிறது. இரண்டாம் வகையினரும் எங்கள் தெருவில் இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று காய்ச்சலை மறைத்தார்கள். கருவியைக் கொடுத்தால் விரலை நீட்ட மறுத்தார்கள். அவர்களிடம் ஒருமுறை அளந்து பாருங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது, அத்தையிடம் போதும் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரே பொருளை இருவருக்கும் ஒரே மாதிரி விற்கும் கடைக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

எங்களுக்கு வழி சொன்னவர் சுகாதார நிலையத்தின் செவிலியர். கருவியைப் பிடுங்கி ஒளித்துவைக்கச் சொல்லவில்லை; அதற்கு ஒரு முறையை ஏற்படுத்தினார். காலையும் மாலையும் மட்டும், குறித்த நேரத்தில். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில். எண் ஓட்டம் நின்று நிலைத்த பிறகு நோட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு அன்றைய வேளைக்கு அவ்வளவுதான். இடையில் பயம் வந்தால் கருவியை எடுக்காமல் தோட்டத்துக்குப் போய் வர வேண்டும், யாரிடமும் "எனக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் நாங்கள் பதில் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. வயதான ஒருவர் கண்கலங்கிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் வாரங்கள் போகப் போக அவருடைய கேள்விகள் குறைந்தன, இரவுத் தூக்கம் திரும்பியது.

அந்தச் செவிலியர் மனநல மருத்துவர் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. நோய்ப் பதற்றம் கொண்ட 444 நோயாளிகளை வைத்து இங்கிலாந்தில் பீட்டர் டைரர் குழு நடத்திய ஆய்வில், பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற பொதுச் செவிலியர்களே நல்ல பலனோடு அளிக்க முடியும் என்று தெரியவந்தது. மனநல மருத்துவரைப் பார்க்க மலையிறங்க வேண்டியிருக்கும் ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. இது அற்பக் கவலை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2023 இறுதியில் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், கடுமையான நோய்ப் பதற்றம் உறுதி செய்யப்பட்டவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அப்படிக் கூடிய கூட்டத்தின் கையில்தான் இந்தக் கருவிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையேடு பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ் இல்லை. உயரத்தைப் பற்றியோ குளிர்ந்த விரலைப் பற்றியோ முன்பக்கத்தில் எச்சரிக்கை இல்லை. கருநிறத் தோலில் இத்தகைய கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டி ஆபத்தை மறைக்கக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்த பிறகும், எங்கள் பெட்டியில் அதைப் பற்றிப் பேச்சில்லை. விலையைப் பொறுத்தவரை, 2021 ஜூலையில் மத்திய அரசு வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்த பிறகு நிலைமை சீரானது.

இப்போது வாங்க நினைப்பவர்கள், வெறும் எண்ணை மட்டும் காட்டாமல் துடிப்பின் அலைக்கோட்டையும் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கோடு சீராக இல்லாதபோது எண்ணை நம்ப வேண்டியதில்லை. வீட்டில் நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ளவர் இருந்தால், அவர் நலமாக இருக்கும் நாட்களிலேயே உங்கள் ஊர் உயரத்தில் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், பயம் தணிய மட்டும் வாங்கப் போகிறவர் அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் 14416 என்ற எண்ணுக்கு ஒருமுறை பேசிப் பார்க்கலாம். அரசின் டெலிமானஸ் மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.