சுவிஸ் டிராவல் பாஸ்: வாங்கலாமா, வேண்டாமா?

சுவிட்சர்லாந்துப் பயணத்துக்குத் திட்டமிடுவோர் விசாவுக்கு அடுத்தபடியாகக் குழம்புவது, பொதுப் போக்குவரத்து முழுவதற்கும் ஒரே சீட்டாகப் பயன்படும் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்குவதா வேண்டாமா என்பதில்தான். சுவிட்சர்லாந்திலோ லிக்டன்ஸ்டைனிலோ குடியிருக்காதவர்களுக்கு மட்டுமே விற்கப்படும் இந்தப் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் கணக்கில் கிடைக்கிறது. 2024-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 3 நாளுக்கு 244 பிராங்க், 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459 என்று இருந்தது. அதாவது 3 நாள் பாஸில் தினமும் 81 பிராங்க் விழுந்தது. 15 நாள் பாஸிலோ அது 31-க்குள் அடங்கிவிட்டது. மூன்று நான்கு நாள் மட்டும் தங்குகிறவர்களுக்கு இது சிக்கனமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் வசதி என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ரயில், மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகரங்களின் டிராம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ் போதும். ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது, பரிசோதகர் வரும்போது கைப்பேசியில் உள்ள குறியீட்டையும் அவர் கேட்டால் பாஸ்போர்ட்டையும் காட்டினால் முடிந்தது. இதன் அருமை லூசெர்னில் நன்றாகத் தெரியும். ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. அங்கிருந்து ஃபிட்ஸ்னாவ் வரை படகில் சென்று இறங்கினால், துறையை ஒட்டியே ரிகி மலைக்கு ஏறும் பற்சக்கர ரயில் நிற்கிறது. 1871-இல் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில். உச்சி வரை ஏறி, மறுபக்கம் ஆர்த்-கோல்டாவ் வழியாக இறங்கி, லூசெர்னுக்கே ரயிலில் திரும்பும் அந்த ஒரு நாள் முழுவதும் பாஸுக்குள் அடங்குகிறது. தனியாக ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லா மலைகளும் இப்படி அடங்கும் என்று நினைத்து வாங்குவோர்தான் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் தவறாமல் போகும் யுங்ஃபிராவ்யோக்கை (3,454 மீட்டர்) எடுத்துக்கொண்டால், பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும். அதற்கு மேல் வெறும் 25 சதவீதத் தள்ளுபடி. அதே பயணத்துக்கு, 2024-இல் 120 பிராங்குக்கு விற்ற, ஒரு மாதம் செல்லுபடியாகும் ஹாஃப் ஃபேர் கார்டு பாதிக் கட்டணத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே இன்டர்லாகனில் அறை எடுத்துக்கொண்டு மலை மலையாக ஏறப் போகிறவர்கள் கார்டையும், இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள் பாஸையும் வாங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. டிட்லிஸ், கோர்னர்கிராட் ஆகிய மலைகளில் பாஸுக்கும் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற காட்சி ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வட்டார ரயிலுக்கு முன்பதிவே தேவையில்லை. அதே பனிமலைகளும் புரூசியோவின் வட்டப் பாலமும் அதிலிருந்தும் தெரியும் என்பதால், கண்ணாடிக் கூரைக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது அவரவர் விருப்பம்.

பாஸின் ஒரு நாள் என்பது 24 மணி நேரமன்று, நாட்காட்டித் தேதி. மாலையில் சூரிச் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் நகரத்துக்குச் செல்லும் பத்து நிமிடப் பயணத்துக்குத் தனிச்சீட்டு எடுத்துவிட்டு, மறுநாள் தேதியிலிருந்து பாஸைத் தொடங்குவது நல்லது. இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்தில் கிரிண்டல்வால்ட் ரயிலில் ஏறும்போது பெட்டியின் பலகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ரயில் ட்ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகிறது. குடும்பமாகச் செல்வோர் பாஸ் வாங்கும்போதே ஃபேமிலி கார்டு கேட்டுப் பெற வேண்டும். 6 வயது முதல் 16 வயது நிறையாத பிள்ளைகள் பெற்றோருடன் இலவசமாகப் பயணம் செய்யலாம், அந்தக் கார்டுக்குக் கட்டணமும் இல்லை.