அந்த 'ஆஃப்' பட்டன்: ஒரு வருட அனுபவம்

என் காரில் கியருக்குப் பக்கத்தில் வழுக்கும் கார் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க; ஒரு வருடத்தில் அதைத் தொட்டது மூன்றே முறை, மூன்றும் சக்கரம் புதைந்தபோதுதான்.

கடைசி முறை சேற்றில். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் முக்கி முனகி அடங்குகிறது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் மினுக் மினுக். சக்கரம் வெறுமனே சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜின் விசையைக் குறைத்து அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் போடும். தார்ச்சாலையில் அது வரம், ஆனால் சேற்றில் டயர் கொஞ்சம் சுழன்று மண்ணை உதறினால்தானே பிடி கிடைக்கும்? அணைத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டியதும் வெளியே வந்துவிட்டது. ஆழமான மணலிலும் இதே கதைதான்.

பிடிக்காத விஷயம்: ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் மட்டும், சில நொடி அழுத்திப் பிடித்தால் கார் சறுக்கி விலகாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்து அணைந்து போகும் என்பதைக் கையேட்டைக் குடைந்துதான் தெரிந்துகொண்டேன். (எல்லா காரிலும் இப்படி இல்லை, உங்கள் கையேட்டைப் பாருங்கள்.) மறந்தாலும், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானே ஆன் ஆகிவிடுகிறது, அதற்கு முழு மதிப்பெண்.

அப்புறம் ஸ்டெபிலிட்டி. சாலையில் அதை அணைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மழையில் ஒரு வளைவில் பின்பக்கம் விலகியபோது ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து காரை நேராக்கியது. அதை நான் செய்ய முடியாது, என்னிடம் இருப்பது ஒரே பிரேக் பெடல்.