சென்னை வியர்வைக்கு எந்தக் கோல்ஃப் கையுறை?

சென்னையில் கோல்ஃப் கையுறை தேய்ந்து கிழிவதற்கு முன்பே உப்புப் பூத்து, பொரித்த அப்பளம் போல விறைத்துவிடுகிறது. நந்தனம் காஸ்மோ திடலில் காலையில் ஆடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மே மாதத்தில் நான்காவது குழியை எட்டுவதற்குள் கையுறை மாட்டிய இடதுகை தொப்பலாக நனைந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் 'நீடித்து உழைக்கிறது' என்று எழுதும் மதிப்புரைகளை நான் படிப்பதை நிறுத்தியது இதனால்தான்.

பல வருடங்களாக ஃபுட்ஜாய் நிறுவனத்தின் ஸ்டாசாஃப், வெதர்சாஃப் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆடுகிறேன். ஸ்டாசாஃப் முழுக்க முழுக்கக் கேப்ரெட்டா தோல். கம்பளி இல்லாமல் முடி மட்டும் வளரும் செம்மறி இனங்களிலிருந்து எடுக்கும் மெல்லிய தோல் அது. வெதர்சாஃப் பெரும்பாலும் செயற்கை இழை. உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் மட்டும் தோல் ஒட்டு; விரல் முட்டிகளின் மேல் வலைத்துணி. விலையில் ஸ்டாசாஃப் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த நிறுவனத்தின் சொந்த ஆலை தாய்லாந்தின் சோன்புரியில் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டு உலகுக்கு அனுப்பும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு தாய்லாந்துக் கையுறைக்குக் காசு கொடுக்கிறோமே என்று சில நேரம் வயிறு எரியும்.

தோலா, செயற்கையா என்ற சண்டைக்குப் போகுமுன் அளவைப் பார்க்க வேண்டும். அளவு தவறினால் எவ்வளவு உயர்ந்த தோலும் வீண். கடைத் தம்பிகள் பெரும்பாலும் 'கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் காற்றோட்டம் சார்' என்பார்கள். கேட்காதீர்கள். தளர்ந்த கையுறைக்குள் கை நகர்கிறது, கை நகர்ந்தால் மட்டை திரும்புகிறது, மட்டை திரும்பாமலிருக்க நாம் இறுக்கிப் பிடிக்கிறோம், முழங்கை வரை விறைத்துப்போகிறது. பந்து மரத்தடிக்குப் போகிறது.

நான் பார்க்கும் முறை இது. முதலில் கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களையும் நுழைக்கிறேன். ஒவ்வொரு விரல் இடுக்கையும் மற்றக் கையால் அழுத்தி அடிவரை இறக்கிய பிறகுதான் கட்டைவிரல். விரல் நுனியில் வெற்றுத் தோல் தொங்கக் கூடாது. அடுத்து உள்ளங்கைத் தோலைக் கிள்ளிப் பார்க்கிறேன். கிள்ளுக்கு அகப்பட்டால் அந்த அளவு பெரியது. கடைசியாகப் புறங்கையில் இழுத்து ஒட்டும் மேல்பட்டை. ஒட்டும்போது அது முக்கால் தூரத்தில் நிற்க வேண்டும். முதல் நாளே விளிம்பு வரை போய் ஒட்டிக்கொண்டால், நாளை தோல் தளரும்போது இழுக்க இடமிருக்காது. தோல் தளரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கடையில் சற்றே பிடிப்பாகத் தோன்றுவது இரண்டு சுற்று ஆடியதும் சரியாகிவிடும்; கடையில் சரியாக இருப்பது அதற்குள் தொளதொளத்துவிடும்.

என் கை அகலம், விரல்கள் குட்டை. மீடியம் போட்டால் உள்ளங்கையை இறுக்கும், லார்ஜ் போட்டால் ஐந்து நுனியிலும் காற்று. இப்படிப்பட்ட கைகளுக்கென்றே 'கேடட்' என்று ஒரு தனி அளவு வரிசை இருக்கிறது. உள்ளங்கை அகலம் அப்படியே இருக்க, விரல்கள் மட்டும் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். நம் ஊர்க் கடைகளில் இதை அடுக்கி வைப்பவர்கள் குறைவு. கேட்டால், 'அது பையன்களுக்கு சார்' என்று சொல்லிவிட்டுச் சிறுவர் அலமாரியைக் காட்டியவர்களும் உண்டு. கேடட் சிறுவர் அளவு அல்ல. வாங்குவதற்கு முன் ஒரு நாடாவால் விரல் முட்டிகளைச் சுற்றி ஒரு அளவும், நடுவிரலின் நீளத்துக்கு ஒரு அளவும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் அட்டவணையில் பொருத்திப் பாருங்கள். சட்டை அளவை வைத்துக் கையுறை வாங்கும் நண்பர்களைத் திருத்த என்னால் முடியவில்லை.

உணர்வைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையான கிரீனின் ஓரத்திலிருந்து முப்பது கெஜத்துக்கு மெதுவாகத் தட்டிவிடும்போது, பந்து மட்டை முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதைத் தோல் சொல்லிவிடும். செயற்கை இழை அதைக் கொஞ்சம் மழுப்பும். ஆனால் நனைந்த தோல் வழுக்கும், காய்ந்தால் விறைக்கும். கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய அந்தப் பழைய திடலில் ஜனவரிக் குளிரில் ஆடும்போது ஒரே தோல் கையுறை பதினெட்டுக் குழிக்கும் தாங்கும். கடற்கரை ஊரில் அந்தச் சொகுசு கிடையாது. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர் வரை எனக்கு வெதர்சாஃப்தான், அதுவும் பையில் இரண்டு. மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றி, கழற்றியதைப் பையின் வெளிப்புறத்தில் காற்றாட ஒட்டிவிடுவேன். மார்கழியும் தையும் ஸ்டாசாஃபுக்கு.

நீடிப்பு பற்றிப் புலம்புகிறவர்கள் முதலில் ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். எனக்குப் பை தூக்கும் பெரியவர், கூட ஆடும் ஒருவரின் கையுறையை வாங்கிப் புரட்டினார். சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடிமேட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. 'கையுறை மேல் பழி போடாதீர்கள் சார். மட்டையை விரலில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள். மேலே தூக்கும்போது அது அங்கே கிடந்து உரசுகிறது' என்றார். பயிற்சியாளரிடம் காசு கொடுத்துக் கேட்க வேண்டிய பாடம் அது. மட்டையின் ரப்பர் பிடி பழசாகி வழவழத்திருந்தாலும் இதே கதிதான். புதுக் கையுறைக்குச் செலவழிப்பதை ரப்பருக்குச் செலவழிக்கலாம்.

பராமரிப்பு எளிது. ஈரக் கையுறையைச் சுருட்டிக் காற்சட்டைப் பையில் திணிக்காதீர்கள். வெயிலிலோ காரின் முன்கண்ணாடி ஓரத்திலோ காயப்போடாதீர்கள். விரித்து, நிழலில் காயவிட்டு, வந்த உறையிலேயே தட்டையாக வையுங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையை எடுக்கும்போது கையுறையைக் கழற்றிவிடுவது அதன் ஆயுளைக் கூட்டும். 1992இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்ற ஃபிரெட் கப்பிள்ஸ் கையுறையே போடாமல் ஆடியவர். அவர் கை வேறு, நம் கை வேறு.

இணையத்தில் மலிவாகக் கட்டுக்கட்டாக விற்கும் பெயரில்லாத கையுறைகளைத் தொட வேண்டாம். எனக்கு வந்த கட்டில் ஒன்றின் கட்டைவிரல் தையல் தொலைவாக அடிக்கும் டிரைவர் மட்டையின் முதல் அடியிலேயே பிரிந்தது. மற்றொன்றின் சாயம் விரல்களில் ஒட்டியது.

ஐப்பசி மழைக்கு மேற்சொன்ன இரண்டுமே போதாது. மழைக்கென்று ஜோடியாக விற்கும் கையுறை தனி; இரண்டு கையிலும் போட வேண்டும். நனைய நனையத்தான் அது பிடிக்கும், காய்ந்த கையோடு போட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

இடக்கை ஆட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உறைமேல் 'லெஃப்ட்' என்று இருந்தால் அது இடதுகையில் மாட்டுவது, அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு. என் மைத்துனர் இடக்கைக்காரர். அவருக்கு வேண்டியது 'ரைட்' என்று போட்டது. கடைகளில் அது அரிதாகத்தான் இருக்கும் என்பதால், கிடைக்கும்போது மூன்றாக வாங்கி வைத்துக்கொள்கிறார்.