தாலி கட்டுற இடத்துல நிக்குது

எங்கள் கல்யாண விசிடி இரண்டு தட்டு. வீட்டு விசிடி பிளேயரில் இரண்டாவது தட்டு நாற்பது நிமிஷம் தாண்டியதும், தாலியை எடுத்துக் கொடுக்கும் ஐயர் கை அப்படியே உறைந்துவிடும். “இன்னும் கட்ட விடமாட்டேங்குதே” என்று வீட்டுக்காரருக்குக் கிண்டல் வேறு.

காசிமேட்டில் வீட்டுப் பக்கத்துக் கடையில் பிளேயரைக் காட்டினேன். திறந்தே பார்க்காமல் “லென்ஸ் போச்சு, 900 ஆகும்” என்றார்கள். லென்ஸ் என்று இவர்கள் சொல்வது லேசரும் சேர்ந்த மொத்தப் பிக்கப்பை, அதாவது தட்டைப் படிக்கும் பாகத்தை.

அப்புறம்தான் வண்ணாரப்பேட்டைக் கடை தெரியவந்தது. எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்து. போர்டு கிடையாது. வாசலில் பழைய டெக்குகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே பாய் ஒருவர்தான்.

அவர் ஸ்க்ரூவில் கை வைக்கவில்லை. “எந்த இடத்துலம்மா நிக்குது?” என்று கேட்டுவிட்டு, தன்னுடைய பாட்டு சிடி ஒன்றைப் போட்டார். முதல் பாட்டுகள் சுத்தமாக ஓடின, கடைசிப் பாட்டுகள் திக்கின. “உங்க தட்டு மேல குத்தமில்ல. சிடி உள்ளேருந்து வெளியே படிச்சிட்டுப் போகும். போற வழியில எங்கியோ மாட்டுது.”

மூடியைக் கழற்றிக் காட்டினார். தட்டு போட்டதும் அந்தக் குட்டி லென்ஸ் மேலும் கீழும் எட்டி எட்டிப் பார்க்கிறது, ஃபோகஸ் தேடுகிறதாம். சுற்றும் தட்டு அரை மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கலாம். லேசர் புள்ளியோ ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளினாலே கலங்கிவிடும். திரும்பி வரும் வெளிச்சம் நான்கு துண்டாகப் பிரித்த சென்சாரில் விழுகிறது. ஃபோகஸ் சரியென்றால் வட்டம். லென்ஸ் கிட்டே போனால் ஒரு பக்கம் சாய்ந்த முட்டை, எட்டிப் போனால் மறுபக்கம் சாய்ந்த முட்டை. எந்தப் பக்கம் சாய்வு என்று பார்த்து, கம்பிச் சுருள் (காயில்) லென்ஸைத் தூக்கி இறக்குகிறது.

தட்டில் பதிவு ஓடும் தடத்தை விட்டு மாறாமல் இருக்க இரண்டு துணை லேசர் புள்ளிகள் முன்னும் பின்னும் போகின்றன. தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அகலத்தில் நாற்பது தடம் அடங்கும். லென்ஸ் பக்கவாட்டில் கொஞ்ச தூரம்தான் எட்டும். அதற்கு மேல் மொத்தப் பிக்கப்பும் தண்டவாளத்தில் நகர வேண்டும். என்னுடையதில் அந்தக் கம்பியில் கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து மெழுகாகியிருந்தது. லென்ஸ் எட்டிப் பார்க்கிறது, பின்னால் வண்டி வரவில்லை. தாலி அங்கேதான் நின்றிருக்கிறது!

பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக லேசாகத் தடவினார். லென்ஸைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். பக்கத்தில் இருந்த பிரீசெட்டை, அதாவது லேசர் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகை, தொடவே இல்லை. “அதைத் திருகி லேசரை ஏத்துனா அப்போதைக்கு ஓடும், ஆயுசு போயிடும்.” கூலி 250.

குறையும் உண்டு. சாயந்திரம் தருகிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் தந்தார். பில் கேட்டால் சிரிக்கிறார். அடியிலிருந்த ரப்பர் கால் ஒன்றைக் காணோம்; ஆடாமலிருக்க அட்டை மடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும், தெரியாமல் போய் வெயிலில் திரும்பி வந்தேன். போகிறவர்கள் உங்கள் தட்டையும் எடுத்துப் போங்கள், அதைப் போட்டு ஓட்டிக் காட்டித்தான் காசு வாங்குகிறார்.