30 அங்குலமா, 26 அங்குலமா? துப்பாக்கிக் குழலின் நீளத்தோடு 14 ஆண்டுகள்

சென்ற தை மாதம் எங்கள் பங்காளிகள் சேர்ந்து நடத்திய முன்னோர் படைப்புக்கு டெக்சஸிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், சாப்பாடு முடிந்து எல்லோரும் முகப்பில் பாய் விரித்துச் சாய்ந்திருந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சித்தப்பா, வாத்து வேட்டைக்கு 26 அங்குலக் குழல் வாங்கட்டுமா, 28 வாங்கட்டுமா, இல்லை நம்ம வீட்டுப் பழைய துப்பாக்கி மாதிரி 30-ஆ?" என்று கேட்டான். ஒரு வரிக் கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளே போய் வீட்டில் இருக்கும் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து வந்து, தோட்டா இல்லை என்று அவன் கண்ணெதிரே திறந்து காட்டிவிட்டு, ஒரு நாடாவை அவன் கையில் கொடுத்தேன். அன்று பிற்பகல் முழுவதும் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் வாத்து சுட்டவனில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் 14 ஆண்டு அனுபவம் முழுவதும் துப்பாக்கி சுடும் களத்தில் இலக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டுகளோடுதான். வாத்து சுட்டவர் என் ஐயா, அதாவது தாத்தா. 1950-களில், மழை முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன் போய்ச் சிறகி வாத்துக்காகக் காத்திருந்ததை அவர் ஒரு கணக்கு நோட்டில், வட்டிக் கணக்கு எழுதும் அதே எழுத்தில், எழுதி வைத்திருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையை உரிமத்துக்குள் கட்டியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. இன்று இங்கே கண்மாய் வாத்தைச் சுடுவது குற்றம், அப்படி இருப்பதே சரி என்பது என் கருத்து. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வைக்காமல் இருக்கிறார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு வேறு விதமாகப் பேச எனக்கு நா எழாது. அண்ணன் மகன் வாழும் ஊரில் உரிமம் பெற்று, பருவத்தில், எண்ணிக்கைக்கு உட்பட்டுச் சுடுவது சட்டப்படியானது. அவன் கேள்வி அங்கே உள்ளது. என் பதில் இங்கே கற்றது.

2011-இல் அப்பச்சி (அப்பா) காலமான பிறகு, ஐயாவின் 12 போர் (குழல் உள்விட்டத்தின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி வாரிசுரிமையில் என் உரிமத்துக்கு வந்தது. பக்கம் பக்கமாக அமைந்த குழல்கள், நீளம் 30 அங்குலம், வலது குழல் முனையில் நடுத்தரக் குறுக்கம் (மாடிஃபைடு சோக்), இடதில் முழுக் குறுக்கம் (ஃபுல் சோக்). களத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் அதோடுதான் நின்றேன். தட்டு பறந்த பிறகு குழல் கிளம்புவதாகவே எனக்குத் தோன்றியது. உடன் சுடும் ஒருவர், குழல் நீளம்தான் காரணம், குட்டையாக வாங்குங்கள் என்றார். 2013-இல் 26 அங்குலக் குழலுள்ள ஒரு பம்ப் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வாங்கினேன். மூன்று ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, 2016-இல் விற்று, 28 அங்குலத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் அமைந்த பழைய துப்பாக்கி ஒன்றை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினேன். இன்று வரை அதுதான் என் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த 26 அங்குல வாங்கலில் நான் செய்த தவறு, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "குட்டைத் துப்பாக்கி" என்று நம்பி வாங்கியதை, ஓராண்டு கழித்து ஒருநாள் ஐயாவின் துப்பாக்கிக்குப் பக்கத்தில் பட்டகசாலைத் தரையில் கிடத்திப் பார்த்தேன். குழல் நுனியிலிருந்து, தோளில் பதியும் கட்டையின் அடி வரை நாடா பிடித்தால் இரண்டுக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. இரண்டுமே ஏறக்குறைய 46½ அங்குலம். காரணம் எளியது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல் கீலிலேயே தொடங்கிவிடுகிறது. பம்ப், செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) வகைகளில் தோட்டா ஏறி இறங்கும் இயந்திரப் பெட்டி குழலுக்கும் கட்டைக்கும் நடுவே மூன்றரை, நான்கு அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே 26 அங்குலச் செமி ஆட்டோவை 30 அங்குல இரட்டைக் குழலோடுதான் ஒப்பிட வேண்டும். இப்போதுள்ள என் 28 அங்குலத் துப்பாக்கியின் மொத்த நீளம் 45 அங்குலம்தான், அதாவது விற்றுத் தள்ளிய "குட்டை"யைவிடக் குட்டை. குழலின் அங்குலத்தை மட்டும் சொல்லி யாராவது ஆலோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எந்த வகைத் துப்பாக்கியில் என்பதுதான்.

நீளக் குழல் என்றால் தூரம் போகும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இன்றும் இருக்கிறது. கரிமருந்துக் காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. அந்த மருந்து மெதுவாக எரியும், எரிந்து முடிய நீளம் வேண்டும். புகையில்லா மருந்து வந்த பிறகு, குழலின் முதல் 20 அங்குலத்துக்குள்ளேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலமும் சேர்க்கும் வேகம் விநாடிக்கு 5 முதல் 10 அடி வரைதான். 26-க்கும் 30-க்கும் இடையே 30 அடி என்றே வைத்துக்கொள்வோம். தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவையின் (சிறு குண்டுகளின்) வேகம் விநாடிக்கு 1,200 அடி. மணிக்கு 40 மைல் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்து விநாடிக்கு ஏறத்தாழ 59 அடி நகர்கிறது. 40 கஜம் தொலைவில் அதற்கு முன்னால் எட்டடி அளவுக்கு இடம் விட்டுச் சுட வேண்டியிருக்கும் என்றால், குழல் நீளத்தால் அந்த எட்டடியில் ஏற்படும் மாற்றம் ஓரிரு அங்குலத்தைத் தாண்டாது. ரவை விரியும் வட்டமோ 30 அங்குலத்துக்கும் மேல். லண்டனில் ராபர்ட் சர்ச்சில் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 1920-களிலேயே 25 அங்குலக் குழலை வைத்துப் பேர் வாங்கியதும் இதனால்தான். அவர் குட்டைக்காக வாதாடிய அளவுக்கு நான் போகமாட்டேன், ஆனால் வேகக் கணக்கில் அவர் பக்கம்தான் நியாயம்.

ரவை எவ்வளவு நெருக்கமாகச் செல்கிறது என்பதைத் தீர்மானிப்பது குழல் முனையின் சோக். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் சுமார் 70 விழுக்காடு ரவையையும், மாடிஃபைடு 60 விழுக்காட்டையும், குறுக்கம் மிகக் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50 விழுக்காட்டையும் சேர்க்கும் என்பது பொதுக் கணக்கு. களத்தில் ஒருநாள் செய்தித்தாளில் வட்டம் வரைந்து, ஐயாவின் வலது குழலையும், பம்ப் துப்பாக்கியில் அதே மாடிஃபைடு சோக்கையும், ஒரே தோட்டாவில் ஐந்தைந்து தாள் சுட்டுப் பார்த்தேன். ஓட்டைகளை எண்ணி முடிக்க அரை நாள் ஆயிற்று. ஒரே குழலின் இரண்டு தாள்களுக்குள் இருந்த வித்தியாசம், இரு குழல்களுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைவிட அதிகம். தூரத்துக்காக நீளக் குழல் வாங்குவோர் அந்தப் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடலாம்.

அப்படியானால் நீளம் எதற்கு? என் பதில்: வீச்சுக்கு. இதைத்தான் புரிந்துகொள்ள எனக்கு ஐந்தாண்டு பிடித்தது.

எங்கள் வீட்டு வளவைச் சுற்றித் தாழ்வாரத்தின் மேல் நீளமான தேக்கு உத்தரம் ஓடுகிறது. காலித் துப்பாக்கியில் போலித் தோட்டா போட்டு, கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, அந்த உத்தரத்தின் கீழ் விளிம்பைக் குழல் நுனியால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தொடாமல் தொட்டுக்கொண்டு போவேன். தினமும் பத்து நிமிடம். ("அங்கே பல்லி ஏதும் ஊர்கிறதா?" என்று ஆச்சி கேட்பது இதற்குத் துணைப் பயிற்சி.) பம்ப் துப்பாக்கியின் நுனி கிளம்புவது சுலபம், ஆனால் கோட்டுக்கு மேலும் கீழும் துள்ளும்; தூண் ஒன்று குறுக்கிட்டதும் கண்ணோடு கையும் அங்கேயே நின்றுவிடும். ஐயாவின் 30 அங்குலம் தேரைப் போன்றது: கிளப்புவதுதான் பாடு, கிளம்பிவிட்டால் நிலைக்கு வந்துதான் நிற்கும். குறுக்கே பறப்பதைத் தவறவிடுபவர்களில் பெரும்பாலோர் அதன் பின்னால் சுடுகிறார்கள். பின்னால் சுடுவதற்கு முதற்காரணம், விசையை அழுத்தும் கணத்தில் குழல் நின்றுபோவது. நுனியில் சற்றுக் கனம் உள்ள குழல் அந்த நிற்றலை நமக்காக மன்னித்துவிடுகிறது.

களத் தட்டு 110 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் உள்ள சிறு பொருள். ஒலிம்பிக் டிராப் போட்டியில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னாலுள்ள குழியிலிருந்து இடமும் வலமும் 45 பாகை வரை சிதறிப் பறக்கும். டிராப் சுடுவோர் 30, 32 அங்குலக் குழல்களை விரும்புவதும், தட்டு நெருக்கத்தில் குறுக்கிடும் ஸ்கீட்டில் 28 அங்குலம் போதும் என்று பலர் நிற்பதும் இந்த வீச்சுக் கணக்கால்தான். பக்கத்துப் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் போட்டி வரை போன பிறகு, எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் இதைப் பற்றி விவரமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்வது, முதலில் குழலைப் பார்க்காதீர்கள், கட்டையைப் பாருங்கள் என்பதே.

விசையிலிருந்து கட்டையின் அடி வரையுள்ள தூரம் கடையில் வருவது பெரும்பாலும் 14 முதல் 14½ அங்குலம். ஐயா ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு; நான் ஐந்தடி ஐந்து அங்குலம். முதலிரண்டு ஆண்டுகள் 30 அங்குலக் குழல் தாமதமாகக் கிளம்பியதற்குக் குழலைக் குற்றம் சொன்னேனே, உண்மையில் அவர் உடம்புக்கு வெட்டிய கட்டை என் அக்குளில் சிக்கிக்கொண்டிருந்தது. 28 அங்குலத் துப்பாக்கியை வாங்கியபோது கட்டையை என் அளவுக்கு இழைக்கச் செய்தேன். அந்த மாற்றம் கொடுத்த பலனில் பாதியைக்கூடக் குழலின் இரண்டங்குலம் கொடுக்கவில்லை. டெக்சஸ் குளிரில் கனத்த மேலங்கியோடு சுடுபவனுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் துணியின் கனமும் கட்டையின் நீளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

அவனுக்கென்று வேறு சில செய்திகளும் உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈய ரவை கூடாது. குளத்தடியில் தங்கும் ஈயத்தைப் பறவைகள் கொத்தித் தின்று நஞ்சேறிச் சாகின்றன என்பது காரணம். எஃகு ரவை இலேசு என்பதால் இரண்டு அளவு பெரிய ரவையாக எடுக்க வேண்டும். எஃகு நசுங்காது என்பதால் பழைய ஃபுல் சோக் குழலில் அதைப் போடவே கூடாது. ஐயாவின் துப்பாக்கி மாதிரி ஒன்றைத் தேடிப் போகாதே என்று சொன்னதற்கு இதுவே முதற்காரணம். மண்ணில் தோண்டிய குழிக்குள் இரண்டு மூன்று பேராக ஒடுங்கி உட்கார்ந்து, இறங்கும் வாத்தை 25 கஜத்தில் சுடுவதென்றால் குட்டை வசதி. ஆனால் குழல் குட்டையாக ஆக, அருகிலிருப்பவன் காதுக்கு ஓசை கூடும், காதடைப்பு இல்லாமல் உட்காரக் கூடாது. திறந்த நீர்ப்பரப்பில் உயரமாகக் குறுக்கே போகிறவற்றுக்கு நீளம் கைகொடுக்கும். சேற்றில் நடந்தபின் குழல் நுனியில் மண் அடைத்திருக்கிறதா என்று தோட்டாவை நீக்கிப் பார்ப்பது எந்த நீளத்துக்கும் பொது. அடைத்த குழல் வெடித்துப் பிளக்கும்.

பராமரிப்பில் நீளம் பெரிய பாரமில்லை. இரட்டைக் குழல் இரண்டாகக் கழன்று பெட்டிக்குள் அடங்கிவிடும். என் மனத்தாங்கல் வேறு. தேர்தல்தோறும் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை வாரக்கணக்கில் எண்ணெய் காணாமல் இருந்து திரும்பி வந்த 30 அங்குலக் குழலின் நடுப்பட்டியில் ஒரு உளுந்து அளவு துரு குழி விழுந்திருந்தது. அதிலிருந்து ஒப்படைக்கும் நாளில் நானே கெட்டியாக எண்ணெய் பூசி, துணி சுற்றிக் கொடுக்கிறேன். பழைய துப்பாக்கி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐயாவினுடையது தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், வாய் மடித்திருப்பதால். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலைக் குட்டையாக்க அறுத்துத் தரச் சொல்லி யாரிடமும் போகவும் கூடாது. உரிமமின்றிக் குழலைக் குறைப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றம்.

அன்று முகப்பில் அவனைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தோளில் ஏற்றச் சொன்னேன். ஐயாவினுடையதை ஏற்றிக் கண் திறந்தபோது அவன் கண்ணுக்குக் குழலின் இடது விலாதான் தெரிந்தது. 28-ஐ ஏற்றியபோது நுனிக் குமிழ் நேராக வாசல் நிலைக்கால் மேல் நின்றது. அவனும் என் உயரம்தான். நாடாவை எடுத்து இரண்டையும் அளந்தான், தலையை ஆட்டிக்கொண்டான், மறுபேச்சுப் பேசவில்லை.

ஊருக்குப் போய் 28 அங்குலச் செமி ஆட்டோவே வாங்கினான். மொத்த நீளம் 48½ அங்குலம் வருகிறது என்று அளந்து எழுதியிருந்தான். கட்டையில் கால் அங்குலத் தகடு ஒன்றைக் கழற்றிவிட்டதாகவும், இருந்தாலும் வாத்துக்குப் பின்னால்தான் போகிறது என்றும் குறைப்பட்டான். உத்தரப் பயிற்சியைத் தொடங்கச் சொன்னேன். அவன் வீட்டில் உத்தரம் ஏது. கார் கொட்டகைச் சுவரும் கூரையும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு பழகுகிறானாம்.