ஆறு ஆண்டுகள் உழைத்த சேஃப்டி ஷூ

இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் நான், இப்போது அணியும் சேஃப்டி ஷூவை வாங்கி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் காலில் கிடந்த ஷூ இது. இதற்கு முன் அணிந்தவற்றில் ஒன்றுகூடப் பதினான்கு மாதங்களைத் தாண்டியதில்லை. வாங்கிய வாரமே எழுதினால் எடையையும் தோற்றத்தையும் பற்றித்தான் எழுத முடியும் என்பதால், இவ்வளவு காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

முந்தைய ஷூக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கைவிட்டன. முட்டி போட்டு வேலை செய்யும்போது விரல்கள் மடங்கும் அந்த இடத்தில், சோல் மேல்தோலை விட்டுப் பிரிந்து வாய் பிளந்துவிடும். பசை வைத்து ஒட்டினாலும் இரண்டு வாரம் தாங்காது. இப்போதைய ஷூ ‘குட்இயர் வெல்ட்’ என்ற தையல் முறையில் செய்யப்பட்டது. மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாக இன்னொரு வரிசையில் தைப்பதுதான் இந்த முறை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் ‘வல்கனைஸ்’ வழியைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன், 19-ஆம் நூற்றாண்டில் இதற்கான தையல் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெயர் வந்தது அவரால்தான். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதிய சோல் தைத்துக்கொள்ளலாம், மேல்பகுதிக்கு ஒன்றும் ஆகாது.

அப்படி இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை, ஷூ தைப்பவர் பழைய சோலைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்த கார்க் அடுக்கை என்னிடம் காட்டினார். குதிகாலும் பெருவிரலின் அடிப்பகுதியும் அழுந்திய குழிகள் அதில் அச்சு எடுத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தன; வலது கால் குழி இடது காலுடையதைவிட ஆழமாக இருந்தது. முதல் மூன்று வாரம் குதிகாலில் கொப்புளம் வரும் அளவுக்குக் கடித்த ஷூ, பிறகு காலோடு இழைந்துபோனதற்கான காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. புதிய சோலும் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் நைட்ரைல் ரப்பராகவே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

விரல்களைக் காக்கும் இரும்புத் தொப்பியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சேஃப்டி ஷூவுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20345-இன்படி அது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ எடை விழுவதற்கு இது சமம். முந்தைய ஷூவை அணிந்திருந்த காலத்தில், இடுப்பு உயர மேசையிலிருந்து குழாய்களை இணைக்கும் 18 கிலோ இரும்பு வளையம் (ஃபிளான்ஜ்) ஒன்று நழுவி என் இடது காலின் மேல் விழுந்தது. விரல்கள் ஐந்தும் தப்பின, நகம்கூடக் கறுக்கவில்லை. வெளியே ஒரு கீறல்தானே, இன்னும் போடலாம் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஒருமுறை நசுங்கிய இரும்பு பழைய உயரத்துக்குத் திரும்பாது. ஃபைபர் தொப்பியானால் விரிசல் உள்ளே மறைந்திருக்கும். அன்றே அந்த ஷூவைக் கழித்துவிட்டேன், இன்றும் அதைச் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

எனக்கு உழைத்த இதே ஷூ எல்லா வேலைக்கும் உழைக்கும் என்று சொல்ல மாட்டேன். கொத்தனாராக இருக்கும் என் மைத்துனர் இதே மாதிரியை வாங்கினார். இரண்டாம் ஆண்டிலேயே தையல் நூல் இற்றுப்போனது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கும் மேலே இருப்பதால், அது தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, நூலையும் அரித்துவிடுகிறது. இப்போது அவர் கான்கிரீட் போடும் நாளில் ரப்பர் பூட்ஸ் அணிகிறார். மற்ற நாள்களில் வேலை முடிந்ததும் ஷூவைத் தண்ணீர் விட்டுத் துலக்கிவிட்டே வீடு திரும்புகிறார். கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை செய்பவர்களுக்கு ஆணிதான் எதிரி என்பதால், ஆணி துளைக்காத நடுத்தகடு உள்ள ஷூவையே அவர்கள் வாங்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் ‘ஆன்டிஸ்டேடிக்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. உடலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவதற்கான ஷூ அது, மின்னதிர்ச்சியிலிருந்து காப்பதற்கானது அன்று.

குறைகளும் உண்டு. எடை அதிகம், மாலையில் முட்டி வலிக்கிறது. மூன்றாம் ஆண்டில் குதிகால் பக்கத்து உள்துணி கிழிந்தது. கிரைண்டிங் பொறி விழுந்து லேஸ் நான்கு முறை அறுந்தது. இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, எங்கள் பட்டறையில் கிரைண்டிங் செய்யும் பெண்ணுக்கு இந்த மாதிரியில் அளவே கிடைக்காததுதான். ஆண்களுக்கான ஷூவில் மிகச் சிறியதை வாங்கி, இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்கிறார். கால் உள்ளே வழுகும் ஷூவோடு ஏணி ஏறுவது ஆபத்து, அவருக்கும் அது தெரியும்.

பராமரிப்பு எளிது. நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவேன். வெயிலிலோ நெருப்பருகிலோ வைத்தால் தோல் வெடித்துவிடும். மாதம் ஒருமுறை மெழுகு தடவுவேன். பின்னால் உதவும் என்று பாலியூரித்தேன் சோல் வைத்த ஒரு ஜோடியைப் பெட்டியிலேயே ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து அண்மையில் அணிந்தபோது, இரண்டு மணி நேரத்தில் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. காற்றின் ஈரப்பதமே அந்தப் பொருளைச் சிதைக்கும் என்பதால், அத்தகைய ஷூவை வாங்கிச் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

இப்போது வலது ஷூவில் சுண்டுவிரல் மடங்கும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தோல் வெடித்திருக்கிறது. மேல்தோலே போன பிறகு மூன்றாம் முறை சோல் மாற்றுவதில் பொருளில்லை. அடுத்ததும் இதே மாதிரிதான், ஆனால் அரை அளவு பெரிதாக. வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய்ப் போட்டுப் பார்த்து, அந்த அளவைக் குறித்து வைத்திருக்கிறேன்.