சுக்ரவார்பேட்டை பழைய வீடா, சரவணம்பட்டி ரோ ஹவுஸா: மூணு வீடு பாத்த கதை

ஆறு மாசமா நானும் வீட்டுக்காரம்மாவும் வீடு பாக்கறோமுங்க, சுத்தி சுத்தி கடைசியா மூணுல வந்து நிக்குது. ஒண்ணு கோயமுத்தூர் சுக்ரவார்பேட்டைல புதுப்பிச்சு விக்கற பழைய தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவுல வானம் பாத்த முற்றம் வெச்ச வீடு; அந்த முற்றத்ததான் தொட்டிம்போம். இன்னொண்ணு அங்கயே ரெண்டு சந்து தள்ளி, யாரும் கை வெக்காத பழைய வீடு. மூணாவது சரவணம்பட்டி பக்கம் கேட்டட் கம்யூனிட்டில புது ரோ ஹவுஸ், வரிசையா ஒட்டுனாப்புல கட்டுன வீடு.

பழசு ரெண்டும் ரெண்டரை செண்ட்தான், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். ஆனா புதுப்பிச்சதுக்கு 30 லட்சம் கூட சொல்றாங்க. அந்த 30 லட்சத்துக்கு என்ன பண்ணியிருக்காங்கன்னு பாக்கத்தான் மூணு தடவ போனேன்.

மொத தடவ போனப்ப மயங்கிட்டோமுங்க, பொய் சொல்லல. தேக்கு தூணெல்லாம் பாலிஷ் போட்டு மின்னுது, மாடுலர் கிச்சன், மஞ்ச லைட்டு, மாடில புதுசா ஒரு ரூம். ரெண்டாவது தடவ அம்மாவ கூட்டிட்டு போனேன். உள்ள வந்தவங்க அண்ணாந்து பாத்துட்டு, "ஏஞ்சாமி, தொட்டிய எதுக்கு மூடிட்டாங்க?"ன்னாங்க. அப்பத்தான் எனக்கே ஒறச்சுது, நடு தொட்டிக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடச்சு அத டைனிங் ஹால் ஆக்கிட்டாங்க. பக்கத்துல ஜன்னலே வெக்க முடியாத வீட்டுல காத்தும் வெளிச்சமும் வர்றதே அந்த தொட்டி வழியாத்தான். ஆடி மாசம் பாலக்காட்டு கணவாய் காத்து ஊரையே தூக்குது, நாங்க நின்ன எடத்துல வேர்த்து ஊத்துச்சு.

மூணாவது தடவ எனக்கு தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர கூட்டிட்டு போனேனுங்க. அவரு ஒண்ணும் பேசல, பாக்கெட்ல இருந்து அஞ்சு ரூபா காசு எடுத்து மேக்கு செவுத்த தட்டிக்கிட்டே போனாரு. இடுப்பு ஒசரம் வரைக்கும் டொப்பு டொப்புன்னு சத்தம், பூச்சு செவுத்த விட்டு கழண்டுருச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல கெட்டியா கேக்குது. பழைய சுண்ணாம்பு செவுரு ஈரத்த இழுக்கும், அதே மாதிரி வெளிய விட்டுரும், அதுக்கு மேல சிமெண்ட் பூசி புட்டி வெச்சு எமல்ஷன் அடிச்சா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்து பூச்ச தள்ளிவிடும். "ரெண்டு ஐப்பசி மழை தாங்குனா பெருசுங்க"ன்னாரு. சுவிட்ச் போர்டு ஒண்ண கழட்டி பாத்தா பிளேட்டு புதுசு, உள்ள வயரு அந்த காலத்து வயரு, எர்த்தே காணோம். மாடி ரூமுக்கு பிளான் அப்ரூவல் இல்லைன்னு பேங்க் வேல்யுவர் அத கணக்குலயே சேத்தல, ஆனா வெலைல சேந்துருக்கு.

கை வெக்காத வீட்ட பாத்தா யாருக்கும் புடிக்காது. ஓடு ரெண்டு எடத்துல ஒழுகுது, வீட்டுக்கு பின்னாடி பொடக்காலில செடி மொளச்சு கெடக்கு, கக்கூஸ் வெளிய. ஆனா எங்க ஒழுகுது எங்க ஓதம் ஏறுதுன்னு எல்லாம் கண்ணுக்கு தெரியுது, தொட்டி தொறந்தே இருக்கு, காத்து பிச்சுக்கிட்டு வருது. இங்க வில்லங்கம் செவுத்துல இல்லீங்க, பத்திரத்துல. ரொம்ப பழைய காலத்து வில்லங்க சான்று ஆன்லைன்ல கெடைக்கலீன்னா பதிவு ஆபீஸ்ல மனு போட்டு தேடி எடுக்கணும். வீட்டுக்கு வாரிசு ஆறு பேரு. 1989ல தமிழ்நாட்டு சட்டம், 2005ல மத்திய சட்டம்னு பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல பங்கு வந்துருச்சு, அதனால கல்யாணமாகி போன அக்கா தங்கச்சிங்க கையெழுத்து இல்லாம வாங்குனா பின்னாடி கோர்ட்டுதான். அஞ்சு பேரு ரெடி.

ரோ ஹவுஸ பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பேப்பர் சுத்தம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கு, கட்டடத்துல கோளாறு வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் பில்டர்தான் சரி பண்ணித்தரணும், காரு நிக்கும். பழைய வீடு ரெண்டுலயும் டூவீலர் தவிர ஒண்ணும் நிக்காது, அது நெஜம். ஆனா ரோ ஹவுஸ்ல பில்லூர் அணை தண்ணி, பேட்டைல சிறுவாணி, குடிச்சு பழகுனவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. பத்திர செலவு எங்க வாங்குனாலும் 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம்தான்.

ஏரியாவுல வந்துதான் என் மனசு சாயுது. பேட்டைல ஒரு பக்கம் மார்வாடி ஜெயின் வீடு, எதுத்தாப்புல கன்னடம் பேசற தேவாங்க செட்டியார், அடுத்தது தெலுங்கு, கொஞ்சம் நடந்தா ஒப்பணக்கார வீதி பள்ளிவாசல். மாசில கோனியம்மன் தேர் அந்த வழியா வர்றப்ப பள்ளிவாசல் ஆளுங்க தண்ணி பாட்டில் நீட்டுவாங்க, நானே வாங்கி குடிச்சிருக்கேன். ரோ ஹவுஸ் வரிசைல பத்து வீடும் ஐடி கம்பெனி ஆளுங்க, பகல்ல காக்கா கூட இல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு அதான் புடிக்குது, "ஏனுங்க, சத்தமில்லாம இருக்கறது தப்பா?"ன்னு கேக்கறா. தப்பில்லதான்.

புதுப்பிச்ச வீட்டுக்காரர்ட்ட மேக்கு செவுத்துல ரெண்டடி மட்டும் கொத்தி காட்டுங்க, நல்லா இருந்தா பூசற கூலி நான் தர்றேன், சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்னேன். பாத்துட்டு கூப்பிடறேன்னாரு, மூணு வாரமாச்சு. கை வெக்காத வீட்டுக்கு ஆறாவது கையெழுத்து சேலத்துல இருக்கற தங்கச்சியம்மாதுங்க, போன் பண்ணேன், ஆடி போகட்டும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.